மூன்றாவது ஒயர்

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் மின்சாரத்துக்கான பீங்கான் கட்டைகள் செய்யும் ஒரு கம்பெனியில், சோதனை அறையில் பதினெட்டு வருடமாக வேலை பார்த்துவந்தாள் பூங்கோதை. களிமண்ணை விரல் நீளக் கட்டியாக அழுத்தி அளப்பாள். சூளையில் சுட்டு வந்ததும் மறுபடி அளந்து, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று நோட்டில் எழுதுவாள். ஒருமுறை சுருக்கம் பதினான்கு சதவீதம் வந்துவிட்டது. பன்னிரண்டைத் தாண்டினால் திருகாணி ஓட்டைகள் சேராது. முதலாளியே சோதனை அறைக்கு வந்து, "பன்னெண்டுன்னு போட்டுடும்மா, லாரி நிக்குது" என்றார். "பதினாலு வந்துருக்குதுங்க" என்றாள். பதினான்கு என்றே எழுதினாள். அவர் ஆறு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். செராமிக் டிப்ளமோ படிக்க விருத்தாசலம் வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். கணவன் கொளஞ்சிநாதன் ஸ்ரீமுஷ்ணம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மகள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஆலடி ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் சொந்த வீடு.

கம்ப்யூட்டர் அவளிடம் வந்தது சூளை வழியாகத்தான். சூளையின் வெப்பத்தைப் பதிவு செய்ய 2003இல் கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். அதில் ஓடியது லினக்ஸ். பழுதானால் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். இரண்டு முறை வந்த இன்ஜினீயர், மூன்றாவது முறை வர மனமில்லாமல், ஒரு சிடியையும் நாற்பது பக்கம் ஜெராக்ஸ் தாளையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவள் தாளை வரிவரியாகப் படித்தாள். புரியாத வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். ஒரு வருடத்தில் புள்ளிகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன.

கம்பெனி அந்தக் கம்ப்யூட்டரைக் கழித்துப் போட்டபோது வீட்டுக்கு எடுத்து வந்தாள். 2007இல் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. பழைய கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு சொருகி, அதையே ரூட்டராக்கினாள். ஒரு பக்கம் இணையம், மறுபக்கம் வீடு. பிறகு தெருவில் நான்கு வீடுகள் கேட்டன. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்கள் மேலேயே ஒயர் இழுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். ஐந்து ஒயர்களும் அவள் வீட்டுக் கூடத்தில், சுவரில் அடித்த ஒரு ஸ்விட்ச் பெட்டியில் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டியிருந்தாள். முதல் ஒயர் அவளுடையது. இரண்டாவது, பொம்மை அச்சு செய்யும் அந்தோணிமுத்து வீட்டுக்குப் போனது. மூன்றாவது சுப்புராயன் வீட்டுக்கு.

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. 2008 ஆகஸ்டில்தான் தொந்தரவு ஆரம்பித்தது.

அந்தோணிமுத்துதான் முதலில் வந்தார். அவருக்கு ஆர்டர்கள் மெயிலில் படமாக வரும். படத்தைப் பார்த்து அச்சு வெட்டுவார்.

"தங்கச்சி, காலையில நெட்டு வரல. பத்து மணிக்கு மேல போடுறேன், ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குது."

அப்போது மாலை ஆறு மணி. பூங்கோதை அவர் வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரைப் போட்டாள். எல்லாம் திறந்தது.

"இப்ப வருதுங்களேண்ணே."

"இப்ப வருது. காலையில வரல."

மறுநாளும் அதேதான். நாலாவது வீட்டில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பக்கிரியும் அதையே சொன்னார். ஒரு நாள் நன்றாக இருக்கும், அடுத்த நாள் இருக்காது. அவள் வேலை விட்டு வரும் நேரத்தில் ஒரு நாளும் கெட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை.

ஒவ்வொரு கம்ப்யூட்டரும் போட்டவுடன் ஒயரில் கூப்பிட்டு, தனக்கு ஒரு நம்பர் வேண்டும் என்று கேட்கும். அந்த நம்பர் இருந்தால்தான் இணையத்துக்குப் போக முடியும். நம்பரைக் கொடுப்பது பூங்கோதையின் ரூட்டரில் ஓடும் ஒரு சர்வர். டிஎச்சிபி என்று அதற்குப் பெயர். கோளாறு அதில்தான் என்று அவள் முடிவு கட்டினாள். சர்வரை நிறுத்தி ஓடவிட்டாள். ஒரு தடவை கொடுத்த நம்பர் எவ்வளவு நேரம் செல்லும் என்கிற கணக்கை நீட்டி வைத்தாள். தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதுதான் காரணமோ என்று ரூட்டருக்குத் தனியாக ஒரு யுபிஎஸ் வைத்தாள். நெட்வொர்க் கார்டை மாற்றினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சிநாதன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அந்தோணிமுத்து வீட்டு ஒயரை முழுக்க உருவிவிட்டுப் புது ஒயர் போட்டாள்.

செய்த ஒவ்வொன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதினாள். மூன்று வாரத்தில் பதினோரு பக்கம் ஆனது. தொந்தரவு அப்படியேதான் இருந்தது.

"மணவாளநல்லூர்ல ஒரு பிராது கட்டிட்டு வந்துடலாமா?" என்றான் கொளஞ்சிநாதன், சாப்பிட்டுக்கொண்டே. அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில், தனக்கு அநியாயம் செய்தவர் பேரைத் தாளில் எழுதி சாமி முன்னால் கட்டிவிட்டு வருவார்கள். "எம் பேரு வச்ச சாமிதான. சீக்கிரம் பாப்பாரு."

"பிராதுல யாரு பேர எழுதறது?"

"அது தெரிஞ்சா நாமளே போயி கேட்டுட மாட்டமா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். கை கழுவிவிட்டு டிவி பக்கம் போய்விட்டான். பூங்கோதை தட்டை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த மூன்று வாரமும் எது கெட்டது என்றே தேடியிருக்கிறாள். யார் என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

சர்வர் தன்னிடம் வந்த ஒவ்வொரு பேச்சையும் ஒரு கோப்பில் குறித்து வைக்கும். அதுவரை அதில் பிழை என்று ஏதாவது வரி இருக்கிறதா என்றுதான் பார்த்திருந்தாள். இருந்ததில்லை. இப்போது சாதாரண வரிகளையே ஒவ்வொன்றாகப் படித்தாள். காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அந்தோணிமுத்துவின் கம்ப்யூட்டர் நம்பர் கேட்டிருக்கிறது. சர்வர் தன்னிடம் உள்ள ஒரு நம்பரை நீட்டியிருக்கிறது. உடனே அந்தக் கம்ப்யூட்டர், வேறு ஒரு நம்பரை எடுத்துக்கொள்வதாக அறிவித்திருக்கிறது. அது பூங்கோதையின் வரிசையிலேயே இல்லாத நம்பர்.

அவளுடைய சர்வர் மெதுவானது. ஒரு நம்பரைக் கொடுக்கும் முன், அதை ஏற்கனவே யாராவது வைத்திருக்கிறார்களா என்று ஒரு நொடி விசாரித்துவிட்டுத்தான் கொடுக்கும். அந்த ஒரு நொடிக்குள் இன்னொன்று முந்திக்கொள்கிறது. அதே ஒயரில், எங்கேயோ, அவளுக்குத் தெரியாமல் இன்னொரு சர்வர் நம்பர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நம்பரை வாங்கியவர்களுக்கு இணையத்துக்கு வழி இல்லை. மதியம் கரண்ட் போய் வந்து, கம்ப்யூட்டரை மறுபடி போடும்போது அந்தக் கள்ள சர்வர் இருப்பதில்லை. அதனால் மாலையில் எல்லாம் சரியாக இருக்கிறது.

கோப்பில் பழைய தேதிகளுக்குத் தள்ளிக்கொண்டே போனாள். திங்கள் முதல் சனி வரை, காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள். ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

புதன்கிழமை அரை நாள் லீவு சொன்னாள். பத்து மணிக்குத் தன் கம்ப்யூட்டரைப் போட்டுக் காத்திருந்தாள். பத்து ஏழுக்கு அவளுக்கே தவறான நம்பர் வந்தது. நம்பரைக் கொடுத்த அந்தக் கள்ள சர்வரை நொடிக்கு ஒரு தரம் கூப்பிடும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தாள். திரையில் பதில்கள் வரிசையாக இறங்கின. ஸ்விட்ச் பெட்டிக்குப் போய் இரண்டாவது ஒயரைப் பிடுங்கினாள். பதில்கள் நிற்கவில்லை. திரும்பச் சொருகிவிட்டு மூன்றாவதைப் பிடுங்கினாள். நின்றுவிட்டன. சொருகினாள். மறுபடி வந்தன.

சுப்புராயன் வீடு.

சுப்புராயனுக்கு நல்லூரில் நிலம். தினமும் காலை எட்டு மணி பஸ்ஸுக்குப் போய், மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வருவார். ஞாயிற்றுக்கிழமை போகமாட்டார். மகள் அம்புஜவல்லி காலேஜுக்குப் போய்விடுவாள். கம்ப்யூட்டர் அவளுக்காக வாங்கியது. பகலில் வீட்டில் இருப்பது சுப்புராயனின் மனைவி பெரியம்மாள் மட்டும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

மகன் ஒருவனும் உண்டு, கோகுலகிருஷ்ணன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. லீமா என்கிற கிறிஸ்தவ நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து சுப்புராயன் தனக்கு ஒரே பெண்தான் என்று சொல்லிவந்தார். வீட்டில் அவன் பேரை எடுக்கக்கூடாது. தெருவுக்கே தெரியும்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரல் வந்தது.

"யாரு?"

"நாந்தான் அத்த, பூங்கோத."

பிறகு தாழ் விலகியது. பெரியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அத்த, உங்க ஒயர கொஞ்சம் பாக்கணும்."

"இப்ப நீதான் புடுங்குனியா?"

"ஆமாம் அத்த."

"பேசிக்கிட்டே இருந்தான். வாயத் தொறந்தபடிக்கு நின்னுட்டான்" என்றாள் பெரியம்மாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வழி விட்டாள்.

சமையலறையில், அரிசி டிரம்மின் மூடி மேல் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. பக்கத்தில் தரையில், சின்ன கொம்பு வைத்த ஒரு வைஃபை பெட்டி. கூடத்துக் கம்ப்யூட்டரிலிருந்து ஒயரைக் கழற்றி அதில் சொருகியிருந்தது. திரையில் கோகுலகிருஷ்ணன், ஆரஞ்சு நிறச் சட்டையில், முன்னால் சோற்றுப் பொட்டலத்தோடு இருந்தான். இங்கே பத்து மணி என்றால் அங்கே பன்னிரண்டரை. அவனுக்குச் சாப்பாட்டு நேரம்.

"அக்கா" என்றான். தயங்கி, "நல்லாருக்கிங்களா?" என்று கேட்டான்.

லேப்டாப்பையும் பெட்டியையும் ஊருக்கு வந்த ஒரு நண்பன் கையில் அவன்தான் கொடுத்தனுப்பியிருந்தான். எந்தெந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று அந்த நண்பன் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பெரியம்மாள் தினமும் கணவனும் மகளும் போன பிறகு, பத்து மணிக்கு பீரோவுக்கு அடியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, பேசி முடித்து, பதினோரு மணிக்குள் பழையபடி ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகிவிடுவாள்.

"சில நாளு கெடைக்குது, சில நாளு வட்டமா சுத்திக்கிட்டே கெடக்குது. அதுக்குள்ள அவன் சாப்புடுற நேரம் முடிஞ்சி போயிடறான்" என்றாள்.

பூங்கோதை பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பின்பக்கம் ஐந்து ஓட்டைகள் வரிசையாக இருந்தன. நான்கு ஒரு மாதிரி, வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு. ஓரத்தில் உள்ள ஒன்றுதான் வெளியிலிருந்து வரும் ஒயருக்கு.

"எந்த ஓட்டைன்னு சொன்னீங்க தம்பி?"

"எடது பக்கம் கடேசின்னு சொன்னங்கா."

"பொட்டியோட மூஞ்சி நம்மள பாத்து இருக்கறப்பவா?"

அவன் யோசித்தான். "ஆமாங்கா."

பெரியம்மாள் பெட்டியின் முதுகைப் பார்த்துச் சொருகியிருக்கிறாள். இடது வலதாகிவிட்டது. அந்தத் தவறான ஓட்டையில் ஒயர் போனதும், வீட்டுக்குள் கொடுக்க வேண்டிய நம்பரைப் பெட்டி தெரு முழுக்கக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் அவளுக்கே சில நாள் மகன் கிடைக்கவில்லை. பூங்கோதை ஒயரை எடுத்து மறு ஓரத்தில் சொருகினாள். படம் நின்று, ஒரு நிமிடத்தில் மறுபடி வந்தது. சரியான ஓட்டைக்குப் பக்கத்தில் பெரியம்மாளின் நெற்றிக் குங்குமத்தையே தொட்டு ஒரு பொட்டு வைத்தாள்.

"அவுருகிட்ட சொல்லிடாதம்மா" என்றாள் பெரியம்மாள், வாசல் வரை வந்து.

"நானா போயி எதுக்கு அத்த சொல்லப்போறன்?"

அன்று நோட்டில் பூங்கோதை எழுதியது இவ்வளவுதான்: மூன்றாவது ஒயர். சொருகல் மாறியிருந்தது. சரி செய்தாயிற்று. அந்தோணிமுத்துவிடமும் யார் வீடு என்று சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். அது தெரு முழுக்கப் பரவிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சுப்புராயன் அந்தப் பக்கம் வந்தார்.

"என்னாம்மா, கண்டுபுடிச்சிட்டியாமே. அந்தோணி சொன்னான். யாரு வூட்ல?"

"சரியாயிடுச்சிங்க மாமா."

"அது சரி. யாரு வூட்டு ஒயரு?"

அவள் கையில் ஒரு போர்வை இருந்தது. அதைக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துவிட்டாள். அவர் போகவில்லை.

"எங்க வூட்ல இல்லியே?" என்றார், சிரித்துக்கொண்டே.

"உங்க ஒயருதாங்க மாமா. சொருகறது மாறிக் கெடந்துது."

சிரிப்பு உடனே போய்விடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் நின்றது. "பகல்ல எங்க வூட்ல யாரு கம்ப்யூட்டர தொடறது? பொண்ணு காலேஜுக்குல்ல போயிடறா" என்றார். பூங்கோதை வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் கிளம்பிய சுப்புராயன் பஸ் ஏறவில்லை. பத்தேகாலுக்கு வீட்டுக்குத் திரும்பி வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றுதான் பக்கிரி சொன்னார். கொஞ்ச நேரத்தில் சுப்புராயன் மொட்டை மாடிக்கு ஏறி, கதிர் அரிவாளால் ஒயரை இரண்டு பக்கமும் அறுத்தார். சுருட்டி வைத்திருந்து, மாலை பூங்கோதை வந்ததும் கொண்டுவந்து கேட்டின் மேல் மாட்டினார்.

"எங்களுக்கு இது வாணாம்மா" என்றார். கோபமாகக்கூட இல்லை.

பெரியம்மாள் அதன்பிறகு அவளிடம் பேசவில்லை. காலையில் தண்ணீர் பிடிக்கும்போது எதிரெதிரே நின்றாலும் குடத்தைத்தான் பார்த்தாள்.

"நான் பொய் சொல்லி இருக்கணுமா?" என்று பூங்கோதை கணவனிடம் கேட்டாள்.

கொளஞ்சிநாதன் யோசித்தான். "தெரியலீங்கன்னு சொல்லி இருக்கலாம். அது பொய்யில சேராது. பஸ்ஸு எத்தன மணிக்கு போய்ச் சேரும்னு கேக்கறவங்ககிட்ட நான் தெனமும் சொல்றதுதான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனியில் சுருக்கத்தை அளக்கும்போதும் அந்த நினைவாகவே இருந்தாள். பதினான்கை எழுதியதில் சரக்குதான் நின்றது. இதில் ஒருத்திக்குத் தினமும் மகனைப் பார்க்கும் அரை மணி நேரம் போய்விட்டது. இரண்டும் ஒன்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. தான் சொன்னது உண்மை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த உண்மையைக் கேட்க அவருக்கு என்ன உரிமை இருந்தது என்று அந்த நேரத்தில் யோசிக்கத் தோன்றவில்லையே என்றுதான் வருத்தம்.

இருபது நாள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் சுப்புராயன் வீட்டுக்குப் போனாள். அவர் அப்போதுதான் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

"அத்த, பகல்ல எங்க வூடு சும்மாதான் கெடக்குது" என்று ஒரு சாவியை நீட்டினாள். "லேப்டாப்ப எடுத்துக்கிட்டு வந்தீங்கன்னா போதும். பொட்டி தேவயில்ல. மேசமேல ஒயரு வச்சிருக்கன், பக்கவாட்டுல சொருகினா வந்துடும்."

பெரியம்மாள் சாவியை வாங்கவில்லை. "நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

"ஆமாம் அத்த."

சாவியைத் திண்டின் மேல் வைத்துவிட்டு பூங்கோதை வேலைக்குப் போனாள்.

அன்று மாலை சர்வரின் கோப்பைத் திறந்து பார்த்தாள். அவளுடைய சொந்தக் கம்ப்யூட்டர், அந்தோணிமுத்து, பக்கிரி, ஐந்தாவது வீடு. புதிதாக யாரும் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. நாலாம் நாள், காலை பத்து பத்துக்கு, புதிதாக ஒரு கம்ப்யூட்டர் நம்பர் கேட்டிருந்தது. சர்வர் ஒரு நொடி விசாரித்துவிட்டுக் கொடுத்திருந்தது. வந்தது பெரியம்மாள்தான் என்று அந்த வரியிலிருந்து தெரிந்துகொண்டாள். அந்த லேப்டாப்புக்கென்று எப்போதும் ஒரே நம்பர் கிடைக்கும்படி சர்வரில் எழுதி வைத்தாள்.

அதன்பிறகு ஒரு வருடம் பெரியம்மாள் வந்துபோனாள். பெரும்பாலும் இருவரும் பார்த்துக்கொள்வதே இல்லை. மாலையில் வந்தால் மேசை துடைத்திருக்கும். சில நாள் தட்டு போட்டு மூடிய கிண்ணத்தில் பணியாரமோ சுண்டலோ இருக்கும். சுப்புராயனுக்கு இது தெரியுமா என்று பூங்கோதை கேட்கவில்லை. ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி, தினமும் அதே நேரத்தில், பையோடு ஒருத்தி போய் வருவதை அவரிடம் யாரும் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அவர் வந்து கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மகன் பேரை மட்டும் எடுக்கவில்லை.

2009 நவம்பரில் பூங்கோதைக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாமல் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். பத்து மணிக்குப் பெரியம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஓமம் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். பிறகு மேசை முன்னால் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். மகன் வர இன்னும் நேரம் இருந்தது.

"நேத்து மதியம் அவுரு சாப்புட உக்காந்தாரு" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "சிங்கப்பூர்ல மழயாம், ரோட்டுல தண்ணி நிக்குதாம், பேப்பர்ல போட்ருக்கான்னாரு. செவுத்தப் பாத்துதான் சொன்னாரு."

பூங்கோதை எழுந்து உட்கார்ந்தாள். "நீங்க என்னா சொன்னீங்க?"

"முந்தாநேத்து சாயங்காலமே வடிஞ்சிடுச்சின்னேன்."

"அதுக்கு?"

"மோரு ஊத்துன்னாரு" என்றாள் பெரியம்மாள்.